நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்: அடிபட்ட நரம்பு எப்போது திரும்பும்?

மணிக்கட்டைக் கண்ணாடி கிழித்துவிட்டது. “நரம்பு அறுந்துபோச்சு” என்று பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். தமிழில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று பொருள் உண்டு. ரத்தம் ஓடும் சிரையை நரம்பு என்கிறோம். ‘நரம்பு ஊசி’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். தசையை எலும்போடு கட்டும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். மூளையின் கட்டளையை விரலுக்குக் கொண்டுபோய், விரல் உணர்ந்த சூட்டையும் கூர்மையையும் மூளைக்குத் திருப்பிக் கொண்டுவரும் நிஜமான நரம்பும் நரம்புதான். யாழில் கட்டிய தந்திக்கும் அதையே பெயராக வைத்திருந்த மொழி இது.

சொல் ஒன்றாக இருப்பதில் தவறில்லை. ஆனால் மூன்றும் குணமாகும் விதம் வேறு. சிறிய சிரை அறுந்தால் கட்டுப்போட்டு, காயம் ஆறியதும் மறந்துவிடலாம். தசைநாணை ஒழுங்காகத் தைத்துப் பயிற்சி கொடுத்தால் மூன்று மாதவாக்கில் கை பெரும்பாலான வேலைகளுக்குத் திரும்பிவிடும். நரம்பைத் தைத்தவருக்கோ தையல் போட்ட நாளில்தான் கணக்கே தொடங்குகிறது. “எப்ப சரியாகும்?” என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அடிபட்ட தேதியும் ஒரு அளவு நாடாவும் இருந்தால் போட்டுப் பார்க்கலாம். பலருக்கு அந்தப் பதில் சொல்லப்படுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வெட்டுப்பட்ட நரம்பு ஏன் வெட்டுவாயிலேயே ஒட்டிக்கொள்வதில்லை என்பதற்கான விடை 1850இல் லண்டனில் கிடைத்தது. அகஸ்டஸ் வாலர் என்ற மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் இருந்த பகுதி முழுவதும் துண்டு துண்டாகச் சிதைந்து கிடந்தது. ஒரு நரம்பிழை என்பது தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கும் ஓர் உயிரணுவின் நீண்ட வால். விரல் நுனிவரை நீளும் அந்த வால் உயிரோடு இருக்கத் தேவையான பொருள்கள் எல்லாம் அந்த உயிரணுவிலிருந்தே வர வேண்டும். வழி அறுந்ததும் அப்பால் உள்ளது அழிகிறது. மறுபடி உயிர் வர வேண்டுமானால், மேல்பக்கத்திலிருந்து புது இழை முளைத்து, பழைய தடத்திலேயே கடைசிவரை வளர்ந்து போயாக வேண்டும்.

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே அடைபட்டால் வாய்க்கால் வற்றிவிடும். கரையும் தடமும் சிதையாமல் இருந்தால், திறந்துவிடும் தண்ணீர் அதே வழியாகக் கடைமடைக்குப் போய்ச் சேரும். எத்தனை நாளில் சேரும், அதுவரை பயிர் தாங்குமா என்பதே அங்கே கவலை. நரம்புக்கும் அதே கவலைதான்.

கரை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் முதல் வகைப்பாடு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நரம்பு அடிபட்டு வந்தவர்களை ஆக்ஸ்ஃபோர்டில் கவனித்துவந்த ஹெர்பர்ட் செடன் 1943இல் காயங்களை மூன்றாகப் பிரித்தார். முதல் வகையான நியூராப்ராக்சியாவில் இழை அறுவதில்லை. ஓரிடத்தில் அதன் மேலுறை நசுங்கிச் செய்தி தடைபட்டிருக்கும். நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கியவர், காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் விழிப்பது பெரும்பாலும் இதனால்தான். சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள், முழுதாகத் திரும்பிவிடும். இரண்டாவது வகையான ஆக்ஸனாட்மெசிஸில் உள்ளிழை அறுந்திருக்கும். அதைச் சுற்றிய குழாய் பிழைத்திருக்கும். தண்ணீர் வற்றிய, ஆனால் கரை உடையாத வாய்க்கால். இது தானாகவே வளர்ந்து வரும், ஆனால் மெதுவாக. மூன்றாவதான நியூராட்மெசிஸில் குழாயும் சேர்ந்து அறுந்துவிட்டது, அல்லது உள்ளே வடு அடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை இல்லாமல் இது திரும்பாது. மெல்பர்னில் சிட்னி சண்டர்லாண்ட் 1951இல் இதை ஐந்து படிகளாக விரித்தார். அவர் நுட்பமாகப் பிரித்தது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்ட பகுதியை. நிஜ வாழ்க்கைக் காயங்களில் பெரும் குழப்பம் இருப்பதும் அங்கேதான்.

சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். மணிக்கட்டு தொங்கும், புறங்கை மரத்திருக்கும். ஒருவர் ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பப் போகிறவர், மற்றவர் அறுவை சிகிச்சை மேடைக்குப் போக வேண்டியவர். கையைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

“நரம்பு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமே” என்று கேட்கலாம். தெரியும், ஆனால் அதற்கும் ஒரு காலம் இருக்கிறது. அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி உடனே சாவதில்லை. முதல் சில நாள் அது மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். தசைக்குப் போகும் சைகை மறைய ஒரு வாரமும், தோலிலிருந்து வரும் சைகை மறையப் பத்து நாள் வரையும் ஆகலாம். நரம்பை இழந்த தசை தனக்குள் தானே துடிக்கத் தொடங்குவதை ஊசி வைத்து, தசையின் மின்சைகையைப் பதியும் இ.எம்.ஜி. கருவியில் பார்க்கலாம், அந்தத் துடிப்பு தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் வேண்டும். எனவே அடிபட்ட மூன்றாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் ‘கீழ்ப்பகுதி நன்றாகக் கடத்துகிறது’ என்று இருந்தால் அதை நம்பி நிம்மதி அடையக் கூடாது. மூன்று, நான்கு வாரம் கழித்து எடுத்தால் அது சொல்வதற்கு மதிப்பு உண்டு. அப்போதும் கடத்திக்கொண்டிருந்தால் வெறும் தடைதான், கை திரும்பிவிடும். கடத்தவில்லை என்றால் இழைகள் போய்விட்டன. ஆனால் கரை மிஞ்சியிருக்கிறதா என்பதை அந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. நரம்பு இரண்டு துண்டாகக் கிடந்தால் அல்ட்ராசவுண்டில் கண்டுபிடித்துவிடலாம். வெளியே முழுதாகத் தெரியும் நரம்பின் உள்ளே வடு எவ்வளவு என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலம் சொல்வதைக் கேட்க ஒரு எளிய வழியை முதல் உலகப் போர் தந்தது. 1915இல் எதிரெதிர் நாடுகளில் இருந்த இரண்டு பேர், ஜெர்மனியில் பால் ஹோஃப்மான், பிரான்சில் ஜூல் டினெல், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே விஷயத்தைக் கவனித்தார்கள். புதிதாக வளரும் நரம்பு முனைக்கு இன்னும் உறை வந்திருக்காது. அந்த இடத்தை விரலால் தட்டினால், அந்த நரம்புக்குச் சொந்தமான தோல் பகுதியில் ஊறல் எடுக்கும். டினெல் அதற்கு வைத்த பிரெஞ்சுச் சொல்லுக்கு நேர்ப்பொருள், எறும்பு ஊர்தல். நம் ஊரிலும் “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்றுதான் சொல்வார்கள்.

கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்து, ஊறல் எடுக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி தட்ட வேண்டும். அந்தப் புள்ளி கீழ்நோக்கி நகர்ந்திருந்தால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் வழியில் வடு மறிக்கிறது. பேனாவும் அளவு நாடாவும் போதும். இத்தனை மலிவான, இவ்வளவு சொல்லக்கூடிய சோதனை மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆனாலும் காயத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் ஊறல் எடுத்தது என்று ஒவ்வொரு முறையும் சீட்டில் எழுதிவைத்தால்தான் அது சோதனை. எழுதாவிட்டால் வெறும் தட்டல்.

புள்ளி நகரும் வேகம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. பெரியவர்களுக்கு, சராசரியாக, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். தண்டுவடத்துக்கு அருகில் சற்று வேகமாகவும், விரல் பக்கம் போகப் போகச் சற்று மந்தமாகவும் இருக்கும். விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது என்பதோடு ஒப்பிட்டால், அடிபட்ட நரம்பு பத்து மடங்கு விரைகிறது. ஆனால் அது போக வேண்டிய தூரம் அதிகம்.

ஒரு கணக்கு போடுவோம். மேற்கை எலும்பு நடுவில் முறிந்து, அதைச் சுற்றிப் போகும் ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கிறது. இந்த முறிவில் பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இப்படி நேரும். முறிவிலிருந்து முழங்கைக்கு அருகில் உள்ள முதல் தசைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 நாள். முளைவிட்டுக் கிளம்பவும், தசையில் போய் ஒட்டி வேலை தொடங்கவும் ஒரு மாதம் சேர்த்தால் நான்கு மாதத்துக்குச் சற்று மேல். அந்தத் தேதியில் முழங்கைக்கு வெளிப்புறத் தசை இறுக ஆரம்பித்தால் அடுத்தது மணிக்கட்டு, பிறகு விரல் கணுக்கள், கடைசியில் பத்து மாதவாக்கிலோ அதற்குப் பிறகோ கட்டைவிரல். வரிசை மாறாது. இந்த முறிவுகளில் பெரும்பான்மையோருக்கு நரம்பு தானாகவே திரும்பிவிடுகிறது. அதனால்தான் மூடிய காயங்களில் மருத்துவர்கள் உடனே கத்தி எடுப்பதில்லை. ஆனால் நான்கு மாதம் ஆகியும் முதல் தசை அசையவில்லை, புள்ளியும் நகரவில்லை என்றால் காத்திருந்தது போதும்.

ஏன் போதும்? கடைமடைப் பயிர் வாடிக்கொண்டிருப்பதால். நரம்பை இழந்த தசை முதலில் சூம்புகிறது, பிறகு அதற்குள் நாரும் கொழுப்பும் ஏறுகின்றன. இழைக்கு வழிகாட்டும் குழாய்களும் சுருங்கி, வழிகாட்டும் திறனை இழக்கின்றன. 12 முதல் 18 மாதத்துக்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் தசை இருப்பதில்லை. இந்தக் கெடு அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து அல்ல, அடிபட்ட நாளிலிருந்து ஓடுகிறது. சுண்டுவிரல் பக்கமாகக் கைக்குப் போகும் அல்னார் நரம்பு அக்குளில் அறுந்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கைவிரல்களின் சிறு தசைகளுக்கு 55 சென்டிமீட்டருக்குக் குறையாது. அன்றே தைத்தாலும் பதினெட்டு மாதத்தைத் தாண்டும். சிறு தசைகள் பழையபடி வராது என்பதை முதல் நாளே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால், மணிக்கட்டுக்கு அருகில் உள்ள வேறொரு நரம்புக் கிளையைத் திருப்பி அங்கே இணைத்து, தூரத்தைக் குறைக்கும் வழியையும் அன்றே யோசிக்கலாம். ஒரு வருடம் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று போனால் அந்த வழியும் அடைபடும்.

“பார்க்கலாம்” என்ற சொல்லோடு எனக்குச் சண்டையில்லை. நரம்புக் காயத்தில் காத்திருப்பது சிகிச்சையின் பகுதிதான். ஆனால் எதற்காக, எந்தத் தேதிவரை, அதற்குள் எந்தத் தசை அசைய வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைநரம்பு அறுவை சிகிச்சை செய்பவர்கள் மூன்று என்ற எண்ணை வைத்து ஒரு விதி சொல்வார்கள். கத்தி, கண்ணாடி போன்ற கூரிய வெட்டானால் மூன்று நாளுக்குள் திறந்து தைத்துவிட வேண்டும். நைந்து கிழிந்த காயமானால் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று தெளிவாக மூன்று வாரம். தோல் கிழியாத மூடிய காயமானால் மூன்று மாதம். கூரிய வெட்டுக்கு மூன்று நாள் கெடு வைத்ததற்கு அருமையான காரணம் உண்டு. அறுந்த கீழ்முனை 72 மணி நேரம் வரை மின்தூண்டலுக்குப் பதில் சொல்லும். எந்தக் கற்றை தசைக்குப் போகிறது என்று தூண்டிப் பார்த்து, சரியான ஜோடியைச் சேர்த்துத் தைக்கலாம். எனவே கண்ணாடி கிழித்து விரல் மரத்திருந்தால், மேல்தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது நல்லதல்ல.

மூன்று மாதக் கெடுவும் எல்லோருக்கும் பொருந்தாது. பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது, கழுத்தும் தோளும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டு, கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்களில் சில தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டுவிடலாம். இந்தியாவில் தோள் நரம்புப் பின்னல் காயங்களுக்கு முக்கியக் காரணம் இருசக்கர வாகன விபத்துதான். அடிபடுவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். பிடுங்கப்பட்ட வேர் ஒருபோதும் தானாக முளைக்காது. அதற்கு ஒரு தடயம் முகத்தில் இருக்கும். அடிபட்ட பக்கத்து இமை லேசாகச் சரிந்து, கண்பாவை சிறுத்திருந்தால், கீழ்வேர் தண்டுவடத்தை ஒட்டியே அறுந்திருக்கிறது என்று பொருள். இவர்களைக் காக்க வைப்பதில் பயனில்லை. 1994இல் பிரான்சின் கிறிஸ்தோஃப் ஓபெர்லின், வேலை செய்துகொண்டிருக்கும் அல்னார் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். போக வேண்டிய தூரம் கழுத்திலிருந்து அல்ல, தசையின் வாசலிலிருந்து என்று ஆகிவிடுகிறது. ஆறு மாதத்துக்குள் வந்து சேர்பவர்களுக்கு இது நன்றாகப் பலன் தருகிறது. கீழ்வேர்கள் போனவருக்கு அல்னார் நரம்பே வேலை செய்யாது என்பதால் வேறு நரம்பைத் தேட வேண்டும். அந்த வேறுபாட்டை முதல் மாதத்திலேயே அறிந்துவிடுவது நல்லது.

காத்திருக்கும் மாதங்களில் பொய்யான நம்பிக்கை தரும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். பிசியோவில் கரண்ட் வைக்கும்போது மணிக்கட்டு துள்ளும். குடும்பமே மகிழும். நரம்பில்லாத தசையும் கரண்டுக்கு நேரடியாகச் சுருங்கும். அது நரம்பு வந்ததற்கு அடையாளம் அல்ல. அதேபோல், மணிக்கட்டு தொங்கும் ஒருவரால் விரல்களின் நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் நீட்ட முடியும். அதைச் செய்வது ரேடியல் நரம்பு அல்ல, அடிபடாத வேறு நரம்புகள். பார்க்க வேண்டியது விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிக்கணு. அது தூக்கினால்தான் செய்தி. வைட்டமின் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வரி: சத்துக் குறையை அவை தீர்க்கும், அறுந்த முனைகளைச் சேர்க்காது.

சிறு குழந்தைகளிடம் “மரத்திருக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை. 1973இல் ஓ’ரியன் என்ற மருத்துவர் எழுதிய சோதனை இங்கே உதவும். கையை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் நம் விரல் நுனிகள் சுருங்கும். நரம்பு அறுந்த விரல் சுருங்காது, வழவழவென்றே இருக்கும். மீண்டும் சுருங்கத் தொடங்கினால் நரம்பு திரும்புகிறது. நீரின் சூட்டை நல்ல கையால் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். உணர்வில்லாத தோல் வெந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது.

ஒரே தூரம், ஒரே தையல் என்றாலும் ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வருவதில்லை. மணிக்கட்டு, முன்கை நரம்புத் தையல்கள் 623ஐத் தொகுத்து 2005இல் வெளியான ஆய்வில், விளைவை முன்கூட்டிச் சொன்னவை வயது, காயத்தின் இடம், எந்த நரம்பு, எவ்வளவு தாமதம் ஆகிய நான்கும். அல்னார் நரம்பு அடிபட்டவருக்குத் தசை திரும்பும் வாய்ப்பு, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கத்துக்குப் போகும் மீடியன் நரம்பு அடிபட்டவரைவிட 71 சதவீதம் குறைவாக இருந்தது. அல்னார் ஆட்டிவைப்பது விரல்களின் நுண்ணிய சிறு தசைகளை; ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இழையே வந்து சேர வேண்டும், தப்பாக வந்தது உதவாது. ரேடியல் நரம்பு பெரிய, அருகில் இருக்கும் தசைகளுக்குப் போகிறது, மன்னிக்கும் குணம் உண்டு. காலிலும் இப்படி ஒரு பேதம் இருக்கிறது. பாதத்தைத் தூக்கும் பெரோனியல் நரம்பு, கெண்டைக்காலுக்குப் போகும் டிபியல் நரம்பைப் போல நன்றாகத் திரும்புவதில்லை.

வயதைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் ‘சின்ன உடம்பு, சீக்கிரம் ஆறும்’ என்பார்கள். கை குட்டை, தூரம் குறைவு என்பது உண்மை. ஆனால் பெரிய காரணம் தலைக்குள் இருக்கிறது. தைத்த நரம்பில் ஆயிரக்கணக்கான இழைகள் இடம் மாறித்தான் போய்ச் சேரும். ஆள்காட்டி விரலுக்குரியது நடுவிரலில் போய் முடியும். தொடுதல் வருகிறது, ஆனால் மூளைக்கு அது புரியாத மொழியாக இருக்கிறது. சுவீடனின் மால்மோவில் யோரான் லுண்ட்போர்க் குழுவினர் நீண்டகாலம் இதை ஆராய்ந்தார்கள். பத்து வயதுக்குள் அடிபட்டவர்கள் தொடுவுணர்வை ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். பதின்வயதின் முடிவுக்குள் அந்தத் திறன் வேகமாகச் சரிந்தது. சிறு வயதில் இன்னொரு மொழி ஒட்டிக்கொள்வது போலத்தான் இதுவும். பெரியவர்களால் கற்கவே முடியாது என்றில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாவி, பொத்தான், நாணயம், புளியங்கொட்டை என்று தடவித் தடவிப் பழகும் பயிற்சி அதற்காகத்தான்.

உணர்வு திரும்பும் வரிசையைத் தன் கையிலேயே பார்த்தவர் ஹென்றி ஹெட். 1903 ஏப்ரல் 25 அன்று இந்த லண்டன் மருத்துவர் தன் முன்கையில் உள்ள உணர்வு நரம்பை வெட்டித் தைக்கச் செய்தார். பிறகு நான்கு ஆண்டுகள், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கேம்பிரிட்ஜுக்குப் போய், நண்பர் ரிவர்ஸ் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். ரிவர்ஸ் ஊசியாலும் பஞ்சாலும் சூடான, குளிர்ந்த குழாய்களாலும் சோதித்தார். முதலில் வந்தது வலியும் மொத்தையான சூடு குளிர்ச்சியும்; எங்கே தொடுகிறார்கள் என்ற நுட்பம் வெகுநாள் கழித்தே வந்தது. அதிலிருந்து ஹெட் உருவாக்கிய கொள்கையைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. அவர் பார்த்த வரிசை மட்டும் இன்றும் நோயாளிக்கு உதவுகிறது. மரத்த இடம் திடீரென்று எரிச்சலும் கூச்சமுமாக மாறினால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்து, தசைக்கு நரம்பு வராது என்று தெரிந்தால்? 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளை எடுத்து வேலை செய்தவர். நரம்பைத் திருப்பிக் கொண்டுவர அவரால் முடியாது. எனவே நன்றாக இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த அசைவுக்கு மாற்றிக் கட்டினார். மணிக்கட்டு தொங்குபவருக்கும் இதே வழி உண்டு. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசை ஒன்றை மணிக்கட்டைத் தூக்கும் நாணோடு இணைத்தால், கட்டுப் பிரித்த சில வாரப் பயிற்சியில் கை மேலே எழும். நாம் நரம்பு என்றே அழைத்துவந்த தசைநாண், நரம்பின் வேலையை இங்கே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதினெட்டு மாதக் கெடு கிடையாது. நரம்பு வராது என்பதும் கை வராது என்பதும் ஒன்றல்ல என்று நோயாளியிடம் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தொடுவுணர்வுக்கும் அந்தக் கெடு அவ்வளவு கண்டிப்பாக இல்லை. தசையைப் போல் தோல் நாராகிப் போவதில்லை. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து வந்தவருக்கும் மீடியன் நரம்பைத் தைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் காப்புணர்வைத் திருப்பித் தர முடிகிறது. நுட்பமான தொடுதல் வராமல் போகலாம். தோசைக்கல்லின் விளிம்பில் விரல் பட்டால் சுடுகிறது என்று தெரிந்து கை பின்வாங்கும்.